உறுதி கேட்கும் சோலாரிஸ், நம்பித் தாவும் லினக்ஸ்

பெரிய சர்வரை ரீபூட் செய்யும்போது நேரத்தைத் தின்பது இயங்குதளத்தைவிட பயாஸ் நடத்தும் வன்பொருள் சோதனைதான். அதைத் தவிர்த்து, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலே அடுத்த கெர்னலை நினைவகத்தில் ஏற்றி அதற்குள் தாவுவதே விரைவு ரீபூட். லினக்ஸில் இதன் பெயர் கெக்செக், 2005-இல் 2.6.13 பதிப்புடன் வந்தது. சோலாரிஸில் ஃபாஸ்ட் ரீபூட். சோலாரிஸ் 11-இன் எக்ஸ்86 இயந்திரங்களில் அதுவே இயல்பு வழி.

இரண்டுக்கும் தலைவலி ஒன்றே. பயாஸ் வழியே போகாததால் நெட்வொர்க் கார்டு ரீசெட் ஆவதில்லை. பழைய கெர்னல் கொடுத்த முகவரிகளில், செயலியைக் கேட்காமல் நேரே நினைவகத்தைத் தொடும் டிஎம்ஏ வழியாக அது பாக்கெட்டுகளை எழுதிக்கொண்டே இருக்கலாம். அங்கே இப்போது இருப்பதோ புதிய கெர்னலின் தரவு. காலி செய்த வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரர் சாவியோடு வந்து புழங்குவது போலத்தான்.

சோலாரிஸ் இதற்கு முன்கூட்டியே உறுதி கேட்கிறது. ஒவ்வொரு டிரைவரும் 'குவையெஸ்' என்ற செயல்கூறைத் தர வேண்டும். அது டிஎம்ஏவையும் இன்டரப்டையும் நிறுத்தி, மீண்டும் தொடங்கத்தக்க நிலையில் சாதனத்தை விட வேண்டும். லாக் பிடிக்கவோ நினைவகம் கேட்கவோ கூடாது. இணைந்துள்ள டிரைவர்களில் ஒன்றுக்கு அது இல்லையென்றாலும் வேகத்தைக் கைவிட்டு வழக்கமான ரீபூட்டுக்குப் போய்விடும். யாரால் தடை என்பதைப் பதிவேட்டில் பார்க்கலாம்.

லினக்ஸ் அப்படிக் கேட்பதில்லை. டிரைவரில் 'ஷட்டவுன்' செயல்கூறு இருந்தால் அழைக்கும், இல்லாவிட்டாலும் தாவும். பிசிஐ சாதனங்களிடமிருந்து பஸ் மாஸ்டர் உரிமையைப் பறிப்பதால் டிஎம்ஏ நிற்கும். ஆனால் கார்டின் உள்நிலை பழையபடியே தங்கிவிடக்கூடும்; உரிமை திரும்பக் கிடைத்ததும் பழைய முகவரிகளிலேயே எழுதவும் கூடும். அந்த நிலையை ஒழுங்காக விட்டுச்செல்வது டிரைவர் எழுதுபவர் பொறுப்பு. இன்டெலின் ஐஜிபி டிரைவரைப் பாருங்கள்: அதன் ஷட்டவுன் செயல்கூறு, கணினி அணைக்கப்படும்போது மட்டுமே கார்டை டி3 உறக்க நிலைக்குத் தள்ளுகிறது. கெக்செக்கிலும் அப்படித் தள்ளினால், உறங்கும் கார்டுடன் புதிய கெர்னல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஆக, சோலாரிஸில் குறை ரீபூட்டின் தாமதமாகத் தெரிகிறது. லினக்ஸில் எழும்பாத இணைப்பாகவோ காரணம் புரியாத நினைவகச் சிதைவாகவோ தெரிகிறது. எண்ணற்ற வன்பொருள்களைத் தாங்கும் லினக்ஸ் அதே கண்டிப்பைக் காட்டினால் கெக்செக் பல இயந்திரங்களில் ஓடாது. சோலாரிஸின் உறுதியும் முழுக் காப்பு அல்ல: செயல்கூறு இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது, சரியாக வேலை செய்கிறதா என்று அல்ல.

பழுது பார்க்கும் வழியும் இதனால் மாறுகிறது. சோலாரிஸில் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். லினக்ஸில் முதலில் முழு ரீபூட் செய்து பார்க்க வேண்டும். அதில் கார்டு நன்றாக ஓடி, கெக்செக்கில் மட்டும் சண்டித்தனம் செய்தால், வெளியேறும் டிரைவரைச் சந்தேகிக்கலாம். தாவும் முன் அதைக் கெர்னலிலிருந்து நீக்கிப் பார்த்தால் ஐயம் தெளியும். ஷட்டவுனுக்கான திருத்தம் புதிய கெர்னலில் வந்திருந்தாலும் அந்தக் கெர்னலுக்குத் தாவும் முதல் முறை பயன் இராது, அங்கே விடைபெறுவது பழைய டிரைவர். அந்த ஒரு முறை பயாஸ் வழியே போவதுதான் நல்லது.