நூறிலிருந்து பத்துக்கு

பிரித்தானிய இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ஆம் ஆண்டில் பிறந்தது. அன்று அரசப் பிரதிநிதியாய் வீற்றிருந்தவர் ரிப்பன் பிரபு. அவர் 1874-இல் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவியவர் என்பதை, சென்னையில் ரிப்பன் மாளிகையை நாள்தோறும் கடந்து செல்வோரும் நினைப்பதில்லை. எனினும் சட்டத்தின் பெருமையை முழுவதும் அவருக்கே சூட்டிவிட இயலாது. பம்பாய் ஆலைகளின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலும் அதன் பின்னணியில் இருந்தது.

ஆபத்தான இயந்திரங்களைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும், 7 வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது என்றது அச்சட்டம். ஆயினும் 100 பேருக்குக் குறையாது வேலை செய்த ஆலைகளுக்கே அது பொருந்திற்று. 99 பேர் உழைத்த இடத்தில் சுழலும் சக்கரம் விரலை விட்டுவைக்குமா என்ன? புதுவீடு கட்டுவோர் மேல்தளத்திற்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்னும் இணைச்சட்ட நூலின் கட்டளை (22:8), அவ்வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

1891-இல் அவ்வெண் 50 ஆயிற்று. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றி 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1922-இல் 20. விடுதலைக்குப்பின், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயந்திர விசை பயன்படும் இடங்களுக்கு 10, பயன்படாத இடங்களுக்கு 20.

எண்ணை எல்லையாக வைத்தால் எல்லைக்கு இப்பால் நின்றுகொள்ளவே மனம் விழையும். ஒரே கூரையின்கீழ் இயங்கும் பட்டறை, ஏட்டில் மட்டும் அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி மனைவி பெயரில் ஒன்று எனப் பிரிந்துவிடும். ஆட்கள் குறைந்த இடங்களையும் சட்டத்திற்கு உட்படுத்தும் அதிகாரத்தை 85-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அளித்தது. உடைமையாளரும் குடும்பத்தாரும் மட்டுமே உழைக்கும் இடத்தை அப்பிரிவும் தொடவில்லை.

சிறு முதலாளியைக் கொடியவராகத் தீட்டுவது எளிது. நம் பங்குகளில் நாம் காணும் பட்டறைக்காரர் பலர், தம் ஆட்களோடு அதே உலைமுன் நின்று அதே புகையைத்தான் சுவாசிக்கின்றனர். பெரிய ஆலைக்குப் பதிவேடு எழுதத் தனி எழுத்தர் உண்டு. இவருக்கோ இரவு உணவுக்குப்பின் மனைவிதான் எழுத்தர். ஏட்டுச் சுமையைக் குறைக்கக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏடு வேறு, வேலி வேறு.

பணிப்பாதுகாப்பு குறித்து 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தொகுப்பு, தொழிற்சாலைக்கான எண்களை 20 எனவும் 40 எனவும் உயர்த்தியது. ஏடும் வேலியும் அங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன என்றே நமக்குத் தோன்றுகிறது. உயிருக்கு ஆபத்தான தொழில்களை ஆள்கணக்குப் பாராமல் உட்படுத்தும் வழி அதில் உண்டு. அதற்கு அரசு தனியே அறிவிக்கை வெளியிட வேண்டும்.