இல்லடு கள்ளும் நல்லடையும்: பெரும்பாணாற்றுப்படையில் ஓர் உறைப்பொருளின் வரலாறு

முன்னுரை

சங்க இலக்கியத்தில் கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதனை உண்டவர், ஊட்டியவர், உண்ட இடம் ஆகியவற்றைப் பற்றியே அமைந்துள்ளன. புரவலரின் கொடை, வீரரின் களிப்பு, பாணரின் விருந்து என்னும் தலைப்புகளில் கள் பேசப்பட்ட அளவிற்கு, அது வடிக்கப்பட்ட முறையும் அதற்கு முன்னர் வீட்டில் நிகழ்ந்த ஆயத்தமும் பேசப்படவில்லை. வடித்தல் ஒரு நாள் வேலையன்று. தானியத்தைச் சேமித்தல், சாடியைப் பேணுதல், இவற்றினும் முதன்மையாக, நொதிக்கச் செய்யும் உறைப்பொருளை முன்கூட்டியே ஆக்கி வைத்தல் ஆகியவை அதற்கு அடிப்படை. இவ்வாயத்தம் பற்றிய செறிவான குறிப்பு பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. அக்குறிப்பில் வரும் ‘நல்லடை’ என்னும் சொல்லுக்கு வழங்கிவரும் பொருளை மறுஆய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லில் அட்ட கள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆனது. இந்நூல் வீட்டில் ஆக்கிய கள்ளையும் விலைக்குப் பெறும் நறவையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. ஆநிரை கவர்ந்து வரும் வீரக்குடியினர், அந்நிரையை நறவுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்ப்பதோடு, தம் இல்லில் அட்ட தோப்பியையும் பருகுகின்றனர். உரையாசிரியர் தோப்பியை நெல்லால் செய்த கள் என்பர். ‘அடுதல்’ என்னும் வினை இங்குக் கருதத்தக்கது. பனையிலிருந்து இறக்கும் கள்ளுக்கு அடுதல் வேண்டா. தானியக் கள்ளுக்கோ உலையும் கலமும் வேண்டும். எனவே அது அடுக்களையைச் சார்ந்தது.

தானியம் கைவசம் இருந்தாலன்றி இல்லடு கள் இல்லை. அதே நூல் உழவர் இல்லத்தைப் பாடுமிடத்து, ஏணி எட்டாத உயரமும் பழைய நெல்லின் நிறைவும் கொண்ட கூடுகளைக் காட்டுகிறது. ஆக்கிய கள்ளைச் சேமிக்கும் வழிகளைப் பிற பாடல்கள் தருகின்றன. பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் பாடிய புறநானூற்று 120ஆம் பாடல், நிலத்தில் புதைத்து முதிர்வித்த தேறலைக் கூறுகிறது. அகநானூற்று 348ஆம் பாடலில் பழச்சாறும் தேனும் மூங்கிற் குழாயுள் முதிர்ந்து கடுந்தோப்பியாகின்றன. ஆயினும் இவை பழமும் தேனும் சார்ந்தவையாகவோ, முதிர்ந்த நிலையை மட்டும் சுட்டுவனவாகவோ உள்ளன. தானியத்திலிருந்து கள் உருவாகும் முறையை முதலிலிருந்து இறுதிவரை கூறுவது பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் குடியிருப்புப் பகுதியே.

வலைஞர் இல்லத்துச் செய்முறை

அப்பகுதி கூறும் படிநிலைகளைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்: (1) குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி அடுதல், (2) அக்களியை வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுதல், (3) புற்றினுள் இருக்கும் குரும்பியை ஒத்த நல்லடையை அதில் கலத்தல், (4) இனிமை தோன்றும்படி இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்தல், (5) வலிய வாயை உடைய சாடியில் புதுமை நீங்க முதிர்வித்தல், (6) விரலால் அலைத்துப் பிழிதல். இவ்வாறு பிழிந்த கள்ளைச் சுட்ட மீனோடு பாணன் பெறுகிறான்.

இம்முறையில் மூன்றாம் படியே விவாதத்திற்குரியது. களியும் பிழாவும் சாடியும் ஐயமற்ற சொற்கள். நல்லடை எது?

உரைமரபும் அதன் வலிமையும்

1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னர், உரைமரபைத் தழுவி நல்லடையை இடித்த நெல்முளையாகக் கொள்வதே பெருவழக்காயிற்று. இக்கருத்து எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. முளைவிட்ட நெல் மாச்சத்தை இனிப்பாக மாற்றும் ஆற்றலுடையது. முளைக்கும் நெல்லைக் குவித்து வைத்தால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி அடைபோல் ஆவதும் உண்டு.

எனினும் மூன்று தடைகள் எழுகின்றன. முதலாவது, இடித்த மாவிற்குப் ‘புறம்’ இல்லை. புலவர் நல்லடையின் பொலிவுற்ற புறத்தையே உவமைக்கு உரியதாக்குகிறார். இரண்டாவது, முளையின் ஆற்றல் வெம்மையில் விரைந்து செயற்படும். முளை மட்டுமே கலக்கப்படுவதாயின் களியை முற்ற ஆற்ற வேண்டிய தேவை இல்லை. வெதுவெதுப்பாகவே கலத்தல் பயன்தரும். ஆற்றிக் கலப்பது உயிருள்ள உறைக்கே இன்றியமையாதது. கொதிக்கும் பாலில் யாரும் பிரை குத்துவதில்லை. மூன்றாவது, முளை இனிப்பைத் தருமேயன்றி, அவ்வினிப்பைக் கள்ளாக மாற்றும் ஈஸ்டைப் போதிய அளவில் உறுதியாகத் தராது. அது காற்றிலிருந்தோ பழஞ்சாடியின் சுவரிலிருந்தோ வரும் என வாளாவிருத்தல் வீட்டாருக்கு இழப்பைத் தரக்கூடும்.

குரும்பி உவமையும் அடையும்

அடை என்பதற்கு இலை என்னும் பொருளும் உண்டு. ஆனால் குரும்பி உவமை அதற்குப் பொருந்தாது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, கடையில் விற்கும் மெல்லடையைத் தேனிறாலுக்கு ஒப்பிடுகிறது. ஆங்கு அடை என்பது மாவால் ஆகிய பண்டம். உவமையோ துளைபட்ட கூடு. பெரும்பாணாற்றுப்படையிலும் உவமை துளைபட்ட கூடாகவே அமைவதால், பொருளையும் அடைப்பண்டமாகக் கொள்வதற்கு இஃது அகச்சான்றாகிறது.

மேலும், குரும்பி வெறும் மண்ணன்று. கறையான்கள் தாம் மென்ற தாவரப் பொருளால் கட்டி, அதன்மேல் பூஞ்சையை வளர்த்து உண்ணும் பஞ்சுபோன்ற கூடு அது; இதனைப் புற்றாம்பழஞ்சோறு என்றும் வழங்குவர். பூஞ்சை படர்தலைப் ‘பூத்தல்’ என்பது இன்றும் நம் பேச்சில் உண்டு. ‘பூம்புறம்’ என்பதை அழகிய புறம் என்று மட்டும் கொள்ளாது, பூஞ்சணம் பூத்த புறம் எனக் கொண்டால் உவமையும் பொருளும் நேர்படுகின்றன.

இந்தியப் பின்புலம்

இத்தகைய உறையடை இந்தியாவெங்கும் அறியப்பட்டதே. அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணம், 25ஆம் அத்தியாயம் இதனைக் ‘கிண்வம்’ என்கிறது. உளுந்துக் கூழும் அரிசியும் சில மூலிகைகளும் சேர்ந்தது அது. மேதகம் என்னும் மதுவுக்கு ஒரு துரோணம் நீர், அரை ஆடகம் அரிசி, மூன்று பிரஸ்தம் கிண்வம் என அந்நூல் அளவு கூறும். ஓர் ஆடகம் நான்கு பிரஸ்தமாதலின், இரண்டு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு கிண்வம் ஆகிறது. உறையே அரிசியினும் மிகுதி என்பது கருதத்தக்கது. இல்லறத்தார் சிறப்பு நாள்களில் வெண்சுரை ஆக்கிக்கொள்ளவும் அந்நூல் இசைவளிக்கிறது. மதுவுக்கும் கிண்வத்திற்கும் உரிய பொருள்களைத் திரட்டும் பணியைப் பெண்டிருக்கும் சிறார்க்கும் உரியதாகக் கூறுகிறது.

இம்மரபு இன்றும் உயிருடன் உள்ளது. ஜார்கண்ட் பகுதியின் ஹண்டியாவுக்கு ரானு, மணிப்பூரின் அரிசிக் கள்ளுக்கு ஹமெய், அசாமின் மிசிங் மக்களது அபோங்குக்கு அபொப், சிக்கிம்–டார்ஜிலிங் பகுதியின் ஜாண்டுக்கு மர்ச்சா என உறையடைகள் வழங்குகின்றன. திமாசா மக்களின் ஜூதிமா 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

மர்ச்சா ஆக்கும் முறை நம் பாடலுக்கு விளக்கவுரைபோல் அமைகிறது. ஊறிய அரிசியைச் சித்திரமூல வேர் முதலியவற்றோடு இடித்து, தட்டையான அடைகளாகத் தட்டி, அவற்றின்மேல் பழைய மர்ச்சாவின் பொடியைத் தூவுவர். பெரணி இலைகளால் மூடிவைக்க, அடை உப்பிப் பூஞ்சணம் பூக்கும். பின்னர் வெயிலில் உலர்த்திச் சேமிப்பர். உலர்ந்த அடையில் பூஞ்சையும் ஈஸ்டும் உறங்குநிலையில் இருக்கும்; முன்னது மாவை இனிப்பாக்க, பின்னது இனிப்பைக் கள்ளாக்கும். ஜாண்டு வடிக்கும்போது, வெந்த கேழ்வரகைப் பரப்பி ஆற்றி, மர்ச்சாப் பொடி கலந்து, கூடையில் இரண்டு முதல் நான்கு நாள்கள் இனிப்பேறவிட்டு, அதன்பின் மட்கலத்தில் காற்றுப் புகாது மூடுவர்.

பெரும்பாணாற்றுப்படையின் வரிசையும் இதுவே. ஆற்றுதல், அடை கலத்தல், இனிமை தோன்ற இரு நாள் கழித்தல், அதன்பின்னரே சாடி. இனிப்பேறும் கட்டத்தையும் கள்ளாகும் கட்டத்தையும் புலவர் வெவ்வேறாகக் கண்டுள்ளார். ஒரே இன ஈஸ்டைப் பிரித்து வளர்க்கும் முறையைக் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் நிறுவினார். அடையிலிருந்து அடைக்கு உறையைக் கடத்திய இல்லங்கள், ஒரே இனத்தைப் பிரிக்காவிடினும், நன்றாகப் பணிசெய்த கூட்டத்தைத் தேர்ந்து காத்துவந்தன. ‘நல்’ என்னும் அடைமொழி அத்தேர்வைச் சுட்டுவதாகலாம். எல்லா அடையும் நல்லடை ஆவதில்லை.

முடிவுரை

நல்லடையில் முளைநெல் சேர்ந்திருக்கவே இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபன்று. முளையரிசியால் அடை தட்டியிருக்கவும் கூடும். ஆனால் அது நொதியைச் சுமந்த, முன்னரே ஆக்கிச் சேமித்த உறைப்பொருள் என்பதை உவமையும், ஆற்றுதலும், இரு நாள் இனிமையும் ஒருங்கே உணர்த்துகின்றன. ‘நெல்முளை மா’ என்று மட்டும் உரைப்பின் அந்த ஆயத்தம் முழுவதும் மறைந்துபோகிறது.

மறைவது ஒரு சொற்பொருள் மட்டுமன்று. கள்ளை ஏந்தி வழங்கிய புரவலனுக்கு வரலாற்றில் பெயர் உண்டு. அடையைத் தட்டி, மூடி, உலர்த்தி, அடுத்த வடிப்புக்கென ஒரு துண்டை எடுத்து வைத்த கைகளுக்குப் பெயர் இல்லை. அக்கைகளின் அறிவு ஒற்றைச் சொல்லில் எஞ்சியுள்ளது. மதுவிலக்கு, ஆயத்தீர்வை முதலிய சட்டங்களின் பின்னர்த் தமிழகத்தில் வீட்டுத் தானியக் கள் பற்றிய நினைவும் தேய்ந்தது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு இவ்வகையில் ஒரு திருப்பம். எனவே சொல்லுக்குரிய பொருளை ஏட்டில் மட்டும் தேடாது, அது வழக்கில் உள்ள நிலங்களிலும் தேட வேண்டியுள்ளது. தமிழகத்திற்கு வெளியே பணிபுரியும் தமிழாய்வாளர்க்கு இஃது அருகில் கிட்டும் வாய்ப்பு. கிழக்கிந்திய, வடகிழக்கிந்திய உறையடை மரபுகளைக் கள ஆய்வு செய்து பத்துப்பாட்டு உரைகளோடு ஒப்பிடின், நல்லடை போன்று உரைமரபு நெகிழவிட்ட பிற தொழிற்சொற்களும் தம் பொருளை மீளப்பெறும்.