லெமியர் நோய்: தொண்டை வலியைத் தொடர்ந்து வரும் அரிய ஆபத்து

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் ஏற்படுகிறது; ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானாகவே குணமாகிவிடும். எனினும் மிக அரிதாக, நல்ல உடல்நலத்துடன் இருந்த இளையோருக்கு அதனைத் தொடர்ந்து உயிருக்கு ஆபத்தான லெமியர் நோய் உண்டாகலாம். பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே லெமியர் 1936-ஆம் ஆண்டு இதனை விரிவாக விளக்கினார். அவர் பதிவு செய்த 20 நோயாளிகளில் 18 பேர் உயிரிழந்தனர். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் வந்தபின் இறப்பு பெருமளவு குறைந்துள்ளது.

நோய் உண்டாகும் விதம்

ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்னும் பாக்டீரியாவே இதன் முதன்மைக் காரணம். இது தொண்டையிலிருந்து கழுத்தின் உட்புறப் பெருஞ்சிரைக்குப் பரவி, அங்கே இரத்தம் உறையச் செய்கிறது. கிருமி கலந்த அவ்வுறைவின் துணுக்குகள் இரத்த ஓட்டத்தின் வழியே நுரையீரலை அடைந்து சீழ்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. மூட்டுகளும் கல்லீரலும்கூட பாதிக்கப்படலாம்.

எச்சரிக்கை அறிகுறிகள்

தொண்டை வலி தொடங்கிய சில நாள்கள் முதல் மூன்று வாரங்களுக்குள், வலி தணிந்த பின்னரும்கூட, பின்வருவன தோன்றலாம்:

• உடல் நடுங்கும் குளிருடன் கடும் காய்ச்சல்
• கழுத்தின் ஒரு பக்கத்தில் வலி, வீக்கம்
• மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம்
• வாயைத் திறக்கவோ விழுங்கவோ இயலாமை
• மிகுந்த சோர்வு, மனக்குழப்பம்

குளிர்காய்ச்சல் இருப்பதால் இதனை மலேரியா என்றும், நெஞ்சு வலியால் நிமோனியா என்றும் கருத வாய்ப்புண்டு. எனவே அண்மையில் தொண்டை வலி இருந்ததை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

கண்டறிதலும் சிகிச்சையும்

இரத்தக் கிருமி வளர்ப்புச் சோதனை, கழுத்து மற்றும் நெஞ்சின் சி.டி. ஸ்கேன் ஆகியவை நோயை உறுதிசெய்ய உதவும். சோதனை முடிவு வரச் சில நாள்கள் ஆகலாம் என்பதால், அதற்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படும். நோயாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு, மருந்துகள் முதலில் சிரை வழியாகவும் பின்னர் மாத்திரைகளாகவும் சில வாரங்களுக்கு அளிக்கப்படும். சீழ்க்கட்டிகளை வடித்து அகற்றுவதும் சிலருக்குத் தேவைப்படலாம்.

தொண்டை வலிக்கென மருந்துக் கடையில் பலரும் தாமாகவே வாங்கும் அசித்ரோமைசின் மாத்திரைக்கு இக்கிருமி பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. அதை உட்கொண்டு காத்திருப்பது சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

நினைவில் கொள்க

ஒவ்வொரு தொண்டை வலிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குறைந்துவந்த நோய் மீண்டும் தீவிரமானால், அன்றே மருத்துவரை அணுகுங்கள். மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ இருப்பின் உடனடியாக 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.