சாயாத கிண்ணம்

சீன தேசத்து சியான் நகரில் 1970ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து மீட்கப்பட்ட தாங் வம்ச காலத்துப் பொக்கிஷங்களிடையே, ஏறக்குறைய 4.5 சென்டிமீட்டர் குறுக்களவே உடைய ஒரு வெள்ளி உருண்டை இருந்தது. திராட்சைக் கொடிகளும் பறவைகளும் துளைவேலையாய் அமைந்த அதன் இரு பாதிகளையும் கீலில் விரித்தால், ஒன்றனுள் ஒன்றாக இரு வளையங்களும், அவற்றின் நடுவே வாசனைப் பொருளைப் புகைப்பதற்கான சிறு கிண்ணமும் புலப்படும். வெளி வளையம் உருண்டையோடும், உள் வளையம் வெளி வளையத்தோடும், கிண்ணம் உள் வளையத்தோடும், அச்சுக்கு அச்சு குறுக்காக அமையும்படி பொருத்தப்பட்டிருப்பதாலும், கிண்ணத்தின் பாரம் அச்சுக்குக் கீழே தங்குவதாலும், உருண்டை எப்பக்கம் உருண்டாலும் கிண்ணம் சாய்வதில்லை, தணல் சிந்துவதில்லை.

இவ்வித்தை தாங் காலத்தில் பிறந்ததன்று. அந்நகரம் சாங்கான் என்று வழங்கிய ஹான் காலத்தில், டிங் ஹுவான் என்னும் கம்மியர் படுக்கை விரிப்புக்குள் வைக்கத்தக்க தூபக்கலம் ஒன்றைச் செய்தார் என்று கூறும் பழைய சீன நூல், முன்பே இருந்து மறைந்துபோன முறையைத்தான் அவர் உயிர்ப்பித்தார் என்றும் சேர்த்தே கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்து வில்லார் த ஒன்னகூர், பூசை வேளையில் ஆயர் கை காய்வதற்கான இத்தகைய தணற்கோளத்தைத் தம் சித்திரச் சுவடியில் வரைந்தார். 1550இல் இத்தாலிய அறிஞர் கார்டானோ தம் நூலில் இவ்வமைப்பை வருணித்தார். தாமே கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை எனினும், ஐரோப்பாவில் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

வாசனைக்கும் கதகதப்புக்கும் பணிபுரிந்த இவ்வளையங்கள், கடலை அடைந்தபோது உயிர்களுக்கே காவலாயின. கப்பல் எவ்வளவு ஆடினாலும் திசைகாட்டி மட்டமாய் நிற்பதற்குப் பதினாறாம் நூற்றாண்டு மாலுமிகள் இவற்றையே நம்பினர். பின்னர், நேரத்தைக் கொண்டு கப்பலின் கிழக்கு மேற்கு நிலையைக் கணிக்க உதவும் குரோனோமீட்டர் என்னும் கப்பற்கடிகாரம் வந்தபோது இவற்றின் பொறுப்பு மேலும் கனத்தது. கிடை மாறினால் கடிகாரத்தின் நடையும் மாறும். பூமி நான்கு நிமிஷத்தில் ஒரு பாகை சுழல்வதால், கடிகாரம் நான்கு நிமிஷம் பிழைத்தால், பூமத்திய ரேகையில் கப்பலின் இடம் 60 கடல் மைல் பிழையாகிவிடும். ஆகவேதான், 1831இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட பீகிள் கப்பலில், 22 கடிகாரங்களைக் கொண்டுசென்ற கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய், பெட்டிக்குள் வளையங்களில் தொங்கிய அவற்றை, ஆட்டம் குறைந்த ஓர் அறையில், மரத்தூள் பரப்பி, குழந்தையைக் கிடத்துவதுபோல் பதனமாக வைத்தார்.

படுக்கையில் ஒரு தணல் சிந்தாதிருக்கச் செய்த வளையங்களே, நடுக்கடலில் மனிதன் தான் எங்கிருக்கிறான் என்பதை அறியவும் துணைநின்றன.