பிணைநின்றோரும் பெயர்ந்து வந்தோரும்

போரினால் நாடிழந்து வருபவருக்கு அயல்நாட்டின் வாயில் எளிதில் திறப்பதில்லை. அந்நாட்டவர் ஒருவர், இவருக்கு நான் உறைவிடம் தருவேன், இவர் அரசுக்குச் சுமையாகாமற் காப்பேன் என்று எழுதிக் கொடுத்த பின்னரே பல நாடுகள் வாயிலைத் திறந்துள்ளன. இதனைப் பிணைநிற்றல் என்பர். பிணைநிற்பவர் நல்லவராயின் வந்தவர் வாழ்வு பெறுவர். தீயவராயின் ஒரு துன்பத்தினின்று நீங்கி மற்றொரு துன்பத்திற் புகுவர். ஆகவே, நம்பத்தக்க பிணையாளரை இனங்காண்பது எங்ஙனம் என்பது அகதியின் வாழ்வையே நிருணயிக்கும் வினாவாகும். இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை நாம் இங்கே ஆராய்வோம்.

1938 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நாசிகளின் கொடுமைக்கு அஞ்சிய யூதக் குழந்தைகளின் முதற் கூட்டம் இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தை அடைந்தது. போர் மூளுமுன்னர் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் இவ்வாறு காப்பாற்றப்பட்டனர். பின்னர் வந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் 50 பவுண் பிணைப்பணம் கேட்கப்பட்டது. பிணையாளர் குறிக்கப்படாத குழந்தைகள் டோவர்கோர்ட் முகாமிலே தங்கியிருக்க, வளர்க்க விரும்பினோர் வந்து பார்த்துத் தெரிந்தெடுத்தனர். பெற்ற பிள்ளைபோற் பேணிய இல்லங்கள் பல. ஆயினும், வளர்ந்த பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்காரிகளாகவே நடத்திய இல்லங்களும் இருந்தன. இரக்கம் மட்டும் காவலாகாது என்பது இதனாற் பெறப்படும் முதற் பாடம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபொழுது உக்ரேனியர் பலர் யேர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருந்த முகாம்களில் இருந்தனர். சோவியத் ஆட்சிக்கு மீள அவர்கள் அஞ்சினர். 1948 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் திகதி ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்ட சட்டம் இத்தகையோருக்கு அமெரிக்காவின் வாயிலைத் திறந்தது. வருவோருக்குத் தொழிலும் உறைவிடமும் உண்டென்ற உறுதிமொழியை அச்சட்டம் வேண்டி நின்றது. கடல் கடந்த நாட்டிலிருந்து வரும் ஒரு காகிதத்தைக் கொண்டு, அதில் ஒப்பமிட்டவரின் குணத்தை முகாமிலிருப்பவர் அறிவதெப்படி? தென் மாநிலத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டோருட் சிலர், கூலி வயிற்றுக்கும் போதாமை கண்டு வடபால் நகரங்களை நாடிச் சென்றனர். இக்குறையை ஓரளவு தீர்த்தவை சமயத் தாபனங்களும் சமூகச் சங்கங்களுமாகும். 1944 ஆம் ஆண்டிலே தோன்றிய உக்ரேனிய அமெரிக்க நிவாரணக் குழு அவற்றுள் ஒன்று. தனிமனிதர் தந்த வாக்குக்கு ஒரு சங்கம் சாட்சியாய் நின்றமையால், வாக்குத் தவறினும் முறையிடுவதற்கு ஓரிடம் இருந்தது.

கனடா இதனை மேலும் செம்மைப்படுத்தியது. 1979 இலும் 1980 இலும் இந்தோசீன அகதிகள் ஏறக்குறைய 60,000 பேரை அந்நாடு ஏற்றது. அவருட் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பொதுமக்களே பிணைநின்றனர். ஐவரேனும் கொண்ட குழுவோ, தேவாலயம் போன்ற ஒரு தாபனமோ ஓராண்டுப் பொறுப்பை ஏற்றல் வேண்டும் என்பது விதி. ஒருவர் தவறினும் மற்றவர் தாங்குவர். ஒருவர் வரம்பு மீறினும் மற்றவர் காண்பர். கனடிய மக்களுக்கு 1986 இல் நான்சென் பதக்கம் வழங்கப்பட்டது.

2022 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆம் திகதி ரஷ்யா உக்ரேன் மீது முழுப் படையெடுப்பை மேற்கொண்டது. 18 முதல் 60 வயது வரையிலான ஆடவர் நாட்டைவிட்டு நீங்குவது அப்பொழுது தடுக்கப்பட்டமையால், வெளியேறியோரிற் பெரும்பாலார் பெண்களும் குழந்தைகளுமே. மார்ச் மாதத்திற் பிரித்தானியா தொடங்கிய திட்டத்தில், விருந்தினரை ஏற்போருக்கு மாதந்தோறும் 350 பவுண் நன்றிக்கொடை வழங்கப்பட்டது. விருந்தினரிடம் வாடகை பெறுதல் ஆகாது. ஆனால் பிணையாளரைத் தேடும் வேலை பெரிதும் அகதிகளிடமே விடப்பட்டது. முன்பின் அறியாதோர் சமூக ஊடகங்களின் வாயிலாக ஒருவரையொருவர் தேடிக்கொண்டனர். தனித்த பெண்களைத் தனித்த ஆடவரின் இல்லங்களுக்கு அனுப்பலாகாது. குடும்பங்களோடும் தம்பதியரோடுமே சேர்த்தல் வேண்டுமென, ஏப்ரல் மாதத்தில் ஐக்கிய நாடுகள் அகதிகள் தாபனம் வற்புறுத்தியது. அதே மாதம் 25 ஆம் திகதி தொடங்கிய அமெரிக்கத் திட்டத்தில் ஆதரவாளரின் வருவாயும் பின்னணியும் ஆராயப்பட்டன. அவருடைய படிவத்துக்குக் கட்டணம் இருக்கவில்லை. அத்திட்டத்திற் புதிய விண்ணப்பங்களை ஏற்பது 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து தெளியத்தக்கவை சில உள. பிணைக்கு விலை கேட்பவர் பிணையாளர் அல்லர், வியாபாரியே. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்பவர் காவலரல்லர், சிறை வைப்பவரே. உறைவிடம், காலம், வேலை என்பவற்றைப் புறப்படுமுன் எழுத்தில் தர மறுப்பவரை நம்பிப் பயணப்படலாகாது. வீட்டையும் வீட்டாரையும் காணொளியிலேனும் கண்டு பேசுதல் வேண்டும். செல்லும் முகவரியை உறவினர் ஒருவரும் அவ்வூர்ச் சங்கம் ஒன்றும் அறிந்திருத்தல் நன்று. தனித்தவரினும் குழுவும் குடும்பமும் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வில்லத்தை விட்டு வெளியேற நேரின் செல்வதற்கு மற்றோரிடம் இருத்தல் வேண்டும்.

நல்ல பிணையாளர் இவற்றைக் கேட்டுச் சினம் கொள்ளார். தம்மை ஆராய்வதற்கு மனமுவந்து இடங்கொடுப்பவரே நம்பத்தக்கவர். எனினும் ஆராயும் சுமை முழுவதையும் வீடிழந்து வருபவரின் தோளில் ஏற்றுதல் நீதியன்று. வாயிலைத் திறக்கும் அரசே, அவ்வாயிலின் உள்ளே நிற்பவர் எத்தகையவர் என்பதையும் அறிந்து சொல்லக் கடமைப்பட்டதாகும்.