வெள்ளை ஆடையும் மைக்கறையும்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பாடசாலை விட்டு வீடு திரும்பும் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் நாணய அளவான நீலப்பொட்டொன்று தோன்றிவிட்டால், அவ்வீட்டில் அன்று மாலை ஒரு சிறு கலக்கம் எழுவது இயல்பு. மறுநாட் காலையும் அதே சட்டையைத்தான் பிள்ளை உடுத்துச் செல்லவேண்டும். மாற்றுச் சட்டை இல்லாத வீடுகள் பல. தாய் விரைந்து சவர்க்காரத்தை எடுத்துக் கறையின்மேல் தேய்க்கின்றாள். அந்த விரைவு சில வேளைகளிற் கறையை நீக்கிவிடும். சில வேளைகளிலோ அதனை ஆடை கிழியும்வரை நிலைபெறச் செய்துவிடும். ஒரே செயலுக்கு இவ்வாறு இருவேறு பயன் விளைவதேன்? விடை மையின் வரலாற்றில் அடங்கியிருக்கின்றது. ஆதலின், அவ்வரலாற்றை நேயர்கள் சற்றே திரும்பிப் பார்த்தல் நன்று.

பனை மலிந்த வட இலங்கையில் நெடுங்காலம் ஓலையே எழுதுபொருளாக இருந்தது. எழுத்தாணி ஓலையைக் கீறும். அக்கீறலில் நிறம் இராது. எழுத்துத் தெளிவாகத் தோன்றும்பொருட்டு விளக்குக் கரியை இலைச்சாற்றிற் குழைத்து ஓலைமேற் பூசித் துடைப்பர். அக்கால மை கரியே. கரி நீரிலும் கரையாது, புளியிலும் கரையாது, காரத்திலும் கரையாது. ஆயினும் அது நூலோடு கலந்து ஒன்றாவதில்லை. இழைகளுக்கிடையே நுண்டுகளாகத் தங்கிநிற்கும். ஆதலால், சோற்றுப் பசையைக் கறைமேல் அப்பித் தேய்த்துத் தேய்த்து, அத்துகளை ஒருவாறு வெளியே இழுத்தெடுப்பதே அதற்கு வழி.

துணி வெளுக்கும் கலையும் தமிழரிடையே தொன்மையானது. ஆடை வெளுக்கும் பெண்ணையும் அவள் ஊட்டும் கஞ்சியையும் சங்கப் புலவர் பாடியுள்ளனர். உவர்மண்ணும் சாம்பல் நீரும் காரமாகப் பயன்பட்டன. அவற்றில் நனைத்த துணியை வெள்ளாவியில் வேகவைத்து, கல்லில் அடித்து, வெயிலில் விரித்து வெளுத்தனர். வியர்வை, எண்ணெய், புழுதி ஆகிய அழுக்குகளுக்கு இக்காரமுறை சாலப் பொருந்தும். அழுக்கென்றாற் காரம் என்ற எண்ணம் இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வீடுகளில் வேரூன்றியது. பிற்காலத்தில் வந்த சவர்க்காரமும் காரத்தன்மை உடையதே.

இவ்வெண்ணம் பொய்த்துப்போகும் இடம் ஒன்றுண்டு. அதுவே கடுக்காய் மை. கடுக்காயை இடித்து ஊறவைத்த நீரில் அன்னபேதியைச் சேர்த்தால், மங்கிய மஞ்சள் நீர் கணத்திற் கருநிறங் கொள்ளும். கடுக்காயிலுள்ள துவர்ப்பொருள் அன்னபேதியிலுள்ள இரும்போடு கூடுவதே அதற்குக் காரணம். சாயத் தொழிலாளர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். கடுக்காய் நீரில் தோய்த்த துணிமேல் இரும்புக் கரைசலைத் தீட்டிக் கருங்கோடு வரைந்தனர். வேண்டி இட்டபோது அது சாயம். வேண்டாத இடத்தில் வீழ்ந்தபோது அதுவே கறை. சாயத்தை நிலைக்கச் செய்யும் அதே இயல்புதான் கறையையும் நிலைக்கச் செய்கின்றது.

ஐரோப்பியர் கடுக்காய்க்குப் பதிலாகக் கருவாலி மரத்தின் காய்போன்ற வீக்கங்களைப் பயன்படுத்தினர், இரும்பு ஒன்றே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நில உரிமைகளைத் தோம்புகளிற் பதிந்த காலத்திலும், பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி வந்த காலத்திலும் அலுவலகங்களில் ஆண்டது இரும்பு மையே. 1803இற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய செய்தி ஆங்கில அலுவலரின் கடிதங்களில் ஏறியது. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி லூயிஸ் என்னும் அலுவலர் எழுதிய கைந்நூல் வெளிவந்தது. வன்னியின் குளங்களும் குடிகளும் வயல்களும் இவ்வாறு ஓலையிலிருந்து தாளுக்கு மாறின.

அலுவலகத்தில் இருந்த மை பாடசாலைக்கும் வந்தது. 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி உருவாயிற்று. அந்நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் உருக்குப் பேனைமுனைகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. 1832இல் இலண்டனிற் கென்றி சிற்றீபன்சு என்பார் மைத்தொழிலைத் தொடங்கி, எழுதும்போது நீலமாகவும் உலர்ந்தபின் கருமையாகவும் தோன்றும் நீலக்கறுப்பு மையைப் பரப்பினார். மேசையில் மைக்கூடு, கையிற் கட்டைப்பேனை, பக்கத்தில் ஒற்றுத்தாள் என்ற காட்சி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வகுப்பறைகளின் அடையாளமாயிற்று. மைக்கூடு கவிழ்வதும் பிள்ளையின் உடுப்பு நனைவதும் அக்காட்சியின் ஒரு பகுதியே.

இரும்பு மை பட்ட ஆடையிற் சவர்க்காரத்தைத் தேய்த்தால் நேர்வது யாது? முதலில் நீலமும் கருமையும் மங்கும். கறை போய்விட்டதென்று மனம் ஆறுதல் அடையும். ஆடை உலர்ந்ததும் அவ்விடத்தில் துருப்போன்ற ஒரு பழுப்பு வட்டம் தோன்றும். காரம் துவர்ப்பொருளைப் பிரித்து விலக்கிவிட்டது. இரும்போ துருவாக மாறி நூலிலேயே தங்கிவிட்டது. பின்னர் எத்தனை முறை சவர்க்காரமிட்டாலும் அது அசையாது. வெளிற்றுந் தூளும் இங்கு உதவாது. அது நிறத்தை அழிக்கும், துருவை அழிக்காது.

இதற்கு மருந்து காரத்தில் இல்லை, புளிப்பில் உண்டு. தேசிக்காய்ச் சாற்றைக் கறைமேற் பிழிந்து, சிறிது உப்பைத் தூவி, வெயிலில் வைத்து, உலர உலர மீண்டும் சாறு விட்டுவந்தால் கறை மெல்ல மெல்ல இளகும். தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலம் இரும்பைப் பற்றிக் கரைத்து நீரோடு போக்கிவிடும். நன்கு புளித்த மோரில் இரவு முழுவதும் ஊறவைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் வேகம் குறைவு, துணிக்குத் தீங்கும் குறைவு. பாலுக்கும் தயிருக்கும் பெயர்பெற்ற வன்னியில் மோர் கிடைத்தற்கு அரியதன்று. இறுதியில் நிறைந்த நீரில் அலசுதல் இன்றியமையாதது. புளிப்பு நூலில் தங்கினால் வெயிலில் துணி நலியும்.

மேனாட்டு இல்லங்களில் இதே நோக்கத்துக்காக 'எலுமிச்சை உப்பு' என்ற பெயரில் ஒரு வெண்டூள் விற்கப்பட்டது. உண்மையில் அதற்கும் எலுமிச்சைக்கும் தொடர்பில்லை. அஃது ஒட்சாலிக்கமிலத்தின் உப்பு. புளியாரைக் கீரையின் புளிப்புக்குக் காரணமும் இவ்வமிலமே. கறையை நீக்குவதில் அவ்வுப்பு வல்லது, உட்கொண்டால் நஞ்சு. இனிய பெயர் தாங்கிய அந்நஞ்சு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றதன்று. தேசிக்காய் இருக்க அதனை நாடவேண்டிய தேவையும் இல்லை.

மையின் அடுத்த மாற்றம் வேதியியற் கூடத்திலிருந்து வந்தது. 1856இல் உவில்லியம் பேக்கின் என்ற இளைஞர் முதற் செயற்கைச் சாயங்களுள் ஒன்றைக் கண்டறிந்தார். 1884இல் உவாட்டர்மன் ஊற்றுப் பேனைக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பு மை உலோக முனையை அரிக்கும். ஆகையால் ஊற்றுப் பேனைக்குச் சாய மையே உகந்தது. 1931இற் பாக்கர் நிறுவனம் 'குயிங்கு' என்னும் மையை வெளியிட்டது. கழுவக்கூடிய நீலம் என்று குறிக்கப்பட்ட இவ்வகை மைகள் நீரிற் கரையும். கறை ஈரமாக இருக்கும்போதே வெண்கட்டித் தூளையோ ஒற்றுத்தாளையோ வைத்து மையை உறிஞ்சச் செய்து, பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை ஊற்றினாற் பெரும்பகுதி நீங்கும். எஞ்சியதைப் பாலில் ஊறவைப்பது பழைய வீட்டு வழக்கம். வெந்நீரும் சூடான மின்னழுத்தியும் கறை நீங்கும்வரை விலக்கத்தக்கன.

1938இல் இலாசுலோ பீரோ என்னும் அங்கேரியர் குமிழ்முனைப் பேனைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் மை எண்ணெய்ப் பசை கலந்தது. நீர் அதனைத் தொடாது. கறைக்குக் கீழே பழந்துணியொன்றை மடித்து வைத்து, மருந்துக்கடையில் வாங்கும் மதுசாரத்தைப் பஞ்சில் நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தால் மை கீழேயுள்ள துணிக்கு இறங்கும். பின்னர்தான் சவர்க்காரத்துக்கு வேலை. மதுசாரம் தீப்பற்றும் இயல்பினது. அடுப்பண்டை அதனைக் கையாளுதல் தகாது.

நீங்காமையையே நோக்கமாகக் கொண்ட மைகளும் உள. இந்தியாவிற் சலவைத் தொழிலாளர் யாருடைய துணி எது என்று அறியச் சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் ஒரு குறியிடுவர். அதன்மேற் சுண்ணாம்பு தடவினால் எவ்வளவு வெளுத்தாலும் அது போகாது. கறைகளை எல்லாம் போக்கும் அதே கை, போகாத குறி ஒன்றையும் இட அறிந்திருந்தது. தேர்தலில் வாக்காளர் விரலில் இடும் மை வெள்ளி நைத்திரேற்றுச் சேர்ந்தது. இந்தியாவில் 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் மைசூரிலுள்ள ஆலை ஒன்று அதனை வழங்கிவருகின்றது. அம்மை ஆடையிற் பட்டால் வெயில் அதனைக் கருக்கும். வீட்டு முறைகள் எவையும் அதற்கு முன் நில்லா.

இனி, வெள்ளாடையின் வரலாறு. 1945 அக்டோபர் மாதம் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயர் அதனோடு இணைந்து நிற்கின்றது. அமெரிக்காவில் நியூயோர்க்குக் கடையொன்றிற் குமிழ்முனைப் பேனை முதன்முறையாக விற்பனைக்கு வந்ததும் அதே மாதத்திலேயே. ஒன்று ஏழைப் பிள்ளைக்குப் பாடசாலையின் கதவைத் திறந்தது. மற்றது காலப்போக்கில் அப்பிள்ளை வாங்கக்கூடிய விலையில் ஒரு பேனையைத் தந்தது. 1993 முதல் அரசு சீருடைத் துணியையும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. சீருடையின் நோக்கம் செல்வர் வறியர் என்ற வேறுபாடு வகுப்பறையில் தெரியாதிருத்தல். ஆனால், வெள்ளை நிறம் எதையும் மறைப்பதில்லை. ஒரே சட்டையை நாள்தோறும் தோய்த்து உடுத்தும் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதிலுள்ள ஒரு கறையே.

வன்னிக்கு இச்சோதனை மிகக் கடுமையாக வந்த காலம் ஒன்றுண்டு. 1990இல் தொடங்கி 2002 வரை பெரும்பாலும் நீடித்த பொருளாதாரத் தடையின்போது போரின் நடுவே வாழ்ந்த வடபகுதி மக்களுக்குச் சவர்க்காரம் அரும்பொருளாயிற்று. அப்போது பனை கைகொடுத்தது. பனம்பழத்தைப் பிசைந்து அதன் களியால் உடுப்புத் தோய்த்தனர். பழங்களியிற் பிளபெலிவெரின் எனப்படும் கசப்புப் பொருள்கள் உள்ளன. அவை நுரைதரும் சபோனின் வகையின. நுரை அழுக்கை எடுத்தது. மணமோ துணியை விட்டு எளிதில் நீங்கவில்லை. வேலியில் உலரவிட்ட உடுப்பை மாடு மணந்து வந்து சப்பிய கதைகளை அக்காலத்தவர் இன்றும் சிரிப்போடு சொல்வர். அச்சிரிப்பின் அடியில் ஒரு பெரும் பிடிவாதம் இருந்தது: பிள்ளை வெள்ளையாகவே பாடசாலைக்குப் போகவேண்டும் என்பதே அது.

வன்னியின் நீரைப்பற்றியும் ஒரு சொல். கேத்திலின் அடியிற் படியும் வெண்படை அங்குள்ள பல கிணறுகளின் வன்னீர்த்தன்மையைக் காட்டும். வன்னீரிற் சவர்க்காரம் நுரைப்பதற்குமுன் திரிந்து, வெண்களியாகத் துணியிற் படியும். அப்படிவு கறையையும் உள்ளே பொதிந்துவிடும். மாரியிற் சேர்த்த மழைநீர் இத்தொழிலுக்கு மேலானது. கடைசி அலசலுக்கேனும் அதனை வைத்துக்கொள்ளுதல் தகும்.

சுருங்கக் கூறின், கறையைக் கண்டதும் முதலில் அறியவேண்டியது அது எந்த மை என்பதே. கரிக்குப் பசை, இரும்புக்குப் புளிப்பு, சாயத்துக்குக் குளிர்நீர், எண்ணெய் மைக்கு மதுசாரம். எந்த மையென்று தெரியாதவிடத்துக் குளிர்நீரில் தொடங்குக. சவர்க்காரத்தை இறுதியில் வைக்குக. எம்மருந்தையும் முதலில் மடிப்போரத்தில் இட்டுப் பார்த்தல் அறிவுடைமை. வெளிற்றுந் தூளையும் தேசிக்காய்ச் சாற்றையும் ஒருபோதும் கலத்தல் ஆகாது. அக்கலவையிலிருந்து எழும் குளோரின் வாயு மூச்சுக்குப் பெருந்தீங்கு செய்யும்.

இவையெல்லாம் செய்தும் நீங்காத கறை சில உண்டு. 2009இற் செட்டிகுளத்து முகாம்களில் இருந்த பிள்ளைகளும் எழுதவும் படிக்கவும் செய்தனர். அவர்கள் உடுத்திருந்த வெள்ளை எவ்வளவு வெள்ளை என்று அந்நாளில் எவரும் அளந்திருக்க நியாயமில்லை. வாயிலில் நின்று சீருடையைப் பார்க்கும் ஆசிரியர் இதனை நினைவிற் கொள்வாராக. மங்கிய நீலவட்டம் ஒன்றோடு வரும் பிள்ளையின் சட்டையில் தெரிவது அசட்டை அன்று. முந்தின மாலை ஒரு தாய் தேசிக்காயும் உப்பும் கொண்டு வெயில் மறையும்வரை போராடியதன் அடையாளமாகவும் அஃது இருக்கலாம். அதனைக் காரணங்காட்டி அப்பிள்ளையை வாயிலில் நிறுத்தாது, உள்ளே விடுவதே முறை.