மாயூரத்து முன்சீப்பும் வட்டத்தொட்டி நீதிபதியும்

தென்காசிப் பக்கம் இலக்கிய ரசிகர் டி.கே.சி.யைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கம்பனில் தொடங்கி, குற்றாலத்து வீட்டின் விருந்தோம்பலில் போய் நிற்கும். வட்டத்தொட்டி என்ற அவருடைய இலக்கியக் கூட்டத்தில் ஒரு நீதிபதியும் இருந்தார் என்பது பெரும்பாலும் விட்டுப்போகும். அவர் எஸ். மகராஜன். அவரை மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கு அருகே நிறுத்திப் பார்ப்போம்.

முதற்பார்வைக்கு ஒட்டு உறவே தெரியாது. வேதநாயகம் பிள்ளை 1857இல், கும்பினி ஆட்சி முடியும் தறுவாயில், தரங்கம்பாடி முன்சீப் ஆனவர். 1872இல் ஓய்வு பெற்றபோதும் முன்சீப்தான். மகராஜனோ சென்னை உயர் நீதிமன்றம் வரை உயர்ந்தவர். முன்னவர் 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டுத் தமிழில் நாவலுக்குக் கால்கோள் இட்டார். பின்னவர் புதுக்கதை எதுவும் புனையப் போகவில்லை. ஹாம்லெட்டையும் மாக்பெத்தையும் லியர் அரசனையும் தமிழ் பேச வைத்தார்.

நடையிலும் இருவரும் இரு துருவம். பிள்ளையின் உரைநடையில் வடசொல் தாராளமாகப் புழங்கும். அவர் காலத்துப் படித்தவர்களின் பேச்சே அப்படித்தான். மகராஜனின் செவியை எளிய தமிழுக்குப் பழக்கியவர் டி.கே.சி. சட்டம் படித்தும் வக்கீல் தொழிலில் மனம் ஒட்டாதவர் அவர். ஆனால் கம்பராமாயணத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். மூவரிலும் ஈவிரக்கமற்ற தீர்ப்பு, நீதிபதி ஆசனத்தில் அமராத அவருடையதே!

உறவு எதிர்பாராத இடத்தில் வெளிப்படுகிறது, இலக்கியத்தில் அல்ல, கோர்ட்டுக் கட்டுகளில். அன்றைய மேல்முறையீட்டு மன்றமான சதர் கோர்ட்டின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைப் பிள்ளை தமிழில் சுருக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதவருக்கும் சட்டம் எட்ட வேண்டும் என்பதே நோக்கம். நூறாண்டு கழிந்து மகராஜன், சட்டங்களைத் தமிழாக்கும் மாநில அரசு ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். அதே வேலை, அதே கவலை. தமிழ் ஊர்க் கோர்ட்டில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைப் பிள்ளை தம் நாவலுக்குள்ளேயே புகுத்திக் கண்டித்திருக்கிறார். கதையின் ஓட்டம் அங்கே சற்றுத் தடைப்படுவது உண்மை. கதாசிரியரை முன்சீப் வென்ற இடம் அது. மகராஜனிடம் இந்தப் பூசல் இல்லை. நாடகம் ஒரு மேசையில், சட்டம் இன்னொரு மேசையில் என்று பிரித்து வைத்துக்கொண்டவர். நாவலைப் படிப்பவனாக எனக்கு மகராஜன் வழி பிடிக்கிறது. வழக்காளியாக நின்றால் பிள்ளையின் பக்கம்தான் சாய்வேன்.

இன்றும் தென்காசிக் கோர்ட்டில் சாட்சி தமிழில் சொல்கிறார். வழக்கு மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது.